கேள்வியை எடுத்துக்கொண்டு இணையத்துக்குப் போவோம்

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நூலகத்துக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் புத்தகத்தைப் பற்றிக் கேட்கிற அளவுக்குப் போனைப் பற்றியும் கேட்கிறார்கள். "சார், கையில நெட் இருக்கு, ஆனா ரெண்டு மூணு ஆப்பைத் தவிர வேற எங்கயும் போனதில்லை, உருப்படியா என்ன இருக்கு சொல்லுங்க" என்பார்கள். வானொலி நிலையத்திலிருந்து அழைத்து இதையே பேசச் சொன்னபோது சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நல்ல தளங்கள் தானாக நம் முன்னால் வந்து நிற்பதில்லை. வீடியோக்கள் வரும், ஒன்று முடிந்தால் அடுத்தது ஓடும், ராத்திரி பதினோரு மணி ஆகிவிடும். நல்ல தளங்கள் ஓரமாக, விளம்பரம் இல்லாமல், நாம் வந்து கேட்கட்டும் என்று இருக்கின்றன. அங்கே போக நம்மிடம் ஒரு கேள்வி வேண்டும். அதுவும் நம் ஊர்க் கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. அதனால் நம் பக்கத்து மனிதர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பக்கத்தில் பேனா இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை வந்தால் டெல்டா முழுக்க ஒரே கேள்விதான்: புயல் வருமா, வந்தால் எந்தப் பக்கம்? 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். விழுந்த தென்னை ஒவ்வொன்றும் இருபது முப்பது வருஷத்து உழைப்பு. அந்தப் புயல் எப்படி வந்தது என்பதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். எர்த் நல்ஸ்கூல் என்று ஒரு தளம் இருக்கிறது. கேமரன் பெக்காரியோ என்பவர் உருவாக்கியது. திறந்தால் ஒரு பூமி உருண்டை, அதன்மேல் மெல்லிய கோடுகளாகக் காற்று ஓடிக்கொண்டிருக்கும். விரலால் உருட்டி வங்காள விரிகுடாவைக் கொண்டுவந்து, கீழே இடது பக்கம் இருக்கிற எர்த் என்ற எழுத்தைத் தொட்டால் மெனு திறக்கும். அதில் தேதியை 2018 நவம்பர் 15 என்று மாற்றிப் பாருங்கள். நம் கரைக்கு நேர் கிழக்கே கோடுகள் எல்லாம் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழன்றுகொண்டு நிற்கும். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் எப்போதும் அப்படித்தான் சுழலும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் என்றாலும், நாகப்பட்டினத்துக்கு எதிரே அது சுழல்வதைப் பார்க்கும்போது வேறு மாதிரி மனதில் பதிகிறது. எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே காற்று எந்தத் திசையிலிருந்து என்ன வேகத்தில் அடிக்கிறது என்று காட்டும். அடுத்த சில நாட்களுக்கான கணிப்பையும் முன்னே நகர்த்திப் பார்க்கலாம்.

ஆனால் இதைக் கவனமாகக் கேளுங்கள். அந்தத் தளம் காட்டுவது அமெரிக்க வானிலைத் துறையின் கணினிக் கணிப்பு. ஐந்து நாள் கழித்துப் புயல் என்று அது காட்டுவதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குரூப்பில் அனுப்பி ஊரைப் பதற வைக்கக் கூடாது. நாளைக்கே அந்தக் கணிப்பு மாறும். படகை எடுப்பதா வேண்டாமா, முகாமுக்குப் போவதா என்ற முடிவுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கை மட்டும்தான் கணக்கு. அவர்களுடைய மௌசம் தளத்தில் சென்னை மண்டல மையத்தின் பக்கம் தனியாக இருக்கிறது. மாவட்டவாரியான மழை எச்சரிக்கை அங்கே கிடைக்கும்.

அடுத்தது தண்ணீர். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்பதைப் பொறுத்துத்தான் இங்கே குறுவை. மேட்டூர் நீர்மட்டம் பேப்பரிலேயே வருகிறது; முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, 120 அடி என்பதெல்லாம் நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மேட்டூருக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. மத்திய நீர் ஆணையம் வாரம் ஒரு முறை நாட்டின் முக்கியமான நீர்த்தேக்கங்களின் இருப்பை வெளியிடுகிறது. அதில் மேட்டூரோடு கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி எல்லாம் வரும். இப்போதைய இருப்பு, போன வருஷம் இதே நாளில் இருந்தது, பத்து வருஷச் சராசரி, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். டீக்கடையில் உட்கார்ந்து தண்ணீர் வரும், வராது என்று பேசுகிறவர்கள் அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சின் தரமே மாறிவிடும்.

விவசாயத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளம். பழைய பாணியில்தான் இருக்கும், பார்க்க அழகில்லை. உள்ளே சரக்கு இருக்கிறது: ரகங்கள், பூச்சி நோய்ப் படங்கள், உர அளவு, எல்லாம் தமிழிலும். இலையில் ஒரு புள்ளி விழுந்திருக்கிறது என்றால் கடைக்காரர் கொடுக்கிற மருந்தை வாங்குவதற்கு முன்னால் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பட்டா, சிட்டா பார்க்க அரசின் இ-சர்வீசஸ் தளம், வில்லங்கம் பார்க்கப் பதிவுத் துறையின் தளம். இரண்டிலும் பார்ப்பதற்குப் பணம் கிடையாது. அதே பெயர் மாதிரியே வைத்துக்கொண்டு காசு கேட்கிற தளங்கள் இருக்கின்றன. முகவரியின் முதல் பகுதி புள்ளி ஜிஓவி புள்ளி இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சர்வே எண்ணைப் போடுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். நாம் கோயிலுக்கு நடுவே வாழ்கிறவர்கள். தேவாரப் பாடல் பெற்ற தலங்களில் காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127 என்பார்கள். உங்கள் தெருமுனைக் கோயில் அதில் ஒன்றாகவே இருக்கலாம். அங்கே பாடப்பட்ட பதிகம் எது, என்ன பண் என்று தெரிய வேண்டுமா? புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தூரக்கிழக்கு ஆய்வுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் சேர்ந்து டிஜிட்டல் தேவாரம் என்று ஒரு தளத்தை உருவாக்கியிருக்கிறார்கள். தலத்தின் பெயரை வைத்தும் தேடலாம், பண்ணை வைத்தும் தேடலாம். ஆற்றோரமாக இந்தத் தலங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை வரைபடத்தில் பார்ப்பதே தனி அனுபவம். தினமும் சைக்கிளில் கடந்து போகிற கோயில் யாருடைய வாயால் பாடப்பட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நான் மனசார நினைக்கிறேன்.

அப்புறம் கல்வெட்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் அடித்தளத்தில் வரி வரியாக எழுத்தைப் பார்த்து, தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது புத்தகமாக வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் இரண்டாம் தொகுதி, ஹுல்ட்ஷ் பதிப்பித்தது. மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற தளத்தில் அந்தப் பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள், இலவசம். 1996இல் அமெரிக்காவில் ப்ரூஸ்டர் கேல் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. உலகத்துப் பழைய புத்தகங்களும் ஒலிப்பதிவுகளும் அங்கே குவிந்து கிடக்கின்றன.

அந்தத் தொகுதியைத் திறந்தால், நாம் கொடுத்ததும் அக்கன் கொடுத்ததும் நம் பெண்டுகள் கொடுத்ததும் மற்றவர்கள் கொடுத்ததும் எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுங்கள் என்று ராஜராஜன் உத்தரவிட்டது வருகிறது. அக்கன் என்றால் குந்தவை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல். அவர்கள் கோயில் பணிக்காகத் தஞ்சாவூருக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு (அதாவது தெருவின் எந்தப் பக்க வரிசை), எத்தனையாவது வீடு, அந்தப் பெண்ணின் பெயர், அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. திருவாரூர், திருவையாறு, பழையாறை என்று நம் ஊர்ப் பெயர்களாக வரும். அவர்களுக்குக் கொடுத்த ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தில் விளையும் 100 கலம் நெல். வேலி, மா, குழி என்று இன்றும் நிலத்தை அளக்கிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த நானூறு சாதாரணப் பெண்கள் பெயரோடும் வீட்டு எண்ணோடும் கல்லில் இருக்கிறார்கள். பெரிய கோயில் என்றால் கோபுரத்து உயரத்தையும் நிழலையும் பற்றியே பேசுகிறோம். அந்தப் பட்டியலை ஒரு தரம் வாசியுங்கள் என்று வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, வாசலுக்கு வருவோம். மார்கழியில் நேர்ப்புள்ளிக் கோலம் போடுவீர்கள். 7 புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் 5, 3, 1 என்று குறைத்துக்கொண்டே போனால் மொத்தம் எத்தனை புள்ளி? 25. நடுவில் 5 வைத்து ஆரம்பித்தால் 13. 3 வைத்தால் 5. 9 வைத்தால் 41. இந்த எண்களுக்குள் ஏதாவது சங்கதி உண்டா? இதைக் கேட்பதற்கென்றே ஒரு தளம் இருக்கிறது. எண் வரிசைகளின் கலைக்களஞ்சியம். ஓஇஐஎஸ் என்று அடித்தால் வந்துவிடும். நீல் ஸ்லோன் என்ற கணித அறிஞர் 1964இல் மாணவராக இருந்தபோது அட்டைகளில் எண் வரிசைகளை எழுதிச் சேர்க்க ஆரம்பித்தார். 1996இல் இணையத்துக்கு வந்தது. இன்று மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான வரிசைகள். அதில் 1, 5, 13, 25, 41 என்று அடித்துத் தேடுங்கள். உடனே சொல்லிவிடும்: இவை ஒவ்வொன்றும் அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை. 25 என்பது 9உம் 16உம். 41 என்பது 16உம் 25உம். நம்பாவிட்டால் வாசலில் வைத்துப் பாருங்கள். அந்த 25 புள்ளியில் ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு வண்ணப் பொடி வைத்துவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால், ஒரு வண்ணத்தில் நாலுக்கு நாலு சதுரமும், இன்னொரு வண்ணத்தில் மூன்றுக்கு மூன்று சதுரமும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு நிற்கும். தளம் ஆங்கிலத்தில்தான். பரவாயில்லை, எண்ணுக்கு எந்த மொழியும் தடையில்லை. ராமானுஜன் வளர்ந்த ஊர்ப் பிள்ளைகள் 1729 என்ற எண்ணையும் அதில் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் அதுதான் மிகச் சிறியது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்தது எது? 4104. இரண்டின் கனமும் பதினாறின் கனமும், ஒன்பதின் கனமும் பதினைந்தின் கனமும். போட்டுச் சரிபாருங்கள்.

பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடியக்கரைக்குப் பூநாரை வந்துவிட்டதா, வடுவூர் ஏரியில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இ-பேர்ட் தளம். அங்கே போய்ப் பார்த்தவர்கள் பட்டியல் போட்டு வைத்திருப்பார்கள், நீங்களும் போடலாம். பொங்கலை ஒட்டி நடக்கிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பும் அதில்தான் சேர்கிறது. வீட்டுக் கொல்லையிலிருந்தே பதினைந்து நிமிஷம் எண்ணிக் கலந்துகொள்ளலாம். குரலை மட்டும் கேட்கிறோம், பறவை தெரியவில்லை என்றால் சேனோ கான்டோ தளத்தில் உலகத்துப் பறவைகளின் குரல்கள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை நாம் போய் எடுத்துக்கொள்கிற இடங்கள். நாம் கொடுக்கிற இடமும் இருக்கிறது. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட உ.வே.சா. ஊர் ஊராகப் போய் ஏடு தேடிப் பதிப்பித்ததை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். இன்று அந்த வேலையைப் போனிலேயே செய்யலாம். தமிழ் விக்கிமூலம் என்று தேடுங்கள். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் உட்பட ஆயிரக்கணக்கான பழைய புத்தகங்களின் பக்கப் படங்கள் அங்கே இருக்கின்றன. ஒரு பக்கம் படம், மறுபக்கம் கணினி வாசித்த எழுத்து. கணினி 'ள'வை 'ன' என்று வாசித்திருக்கும், ஒற்றை விட்டிருக்கும், வரியைப் பிரித்துப் போட்டிருக்கும். படத்தைப் பார்த்துத் திருத்த வேண்டியதுதான் வேலை. யாரும் தொடாத பக்கம் சிவப்பில் இருக்கும். ஒருவர் திருத்தினால் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. ஒருவரே இரண்டையும் செய்ய முடியாது.

தமிழ் சரளமாக வாசிக்கிற, மதியம் கொஞ்சம் நேரம் இருக்கிற, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இந்த மாவட்டங்களில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்! பிழை கண்டால் பேனாவை எடுக்காமல் இருக்க உங்களால் முடியாது. விக்கிமூலத்தில் ஒரு கணக்குத் தொடங்குங்கள், உங்களுக்குப் பிடித்த புத்தகம் ஒன்றைத் தேடி ஒரு சிவப்புப் பக்கத்தைத் திறங்கள். தமிழில் எப்படித் தட்டச்சு செய்வது என்று தெரியாவிட்டால் பக்கத்துக் கிளை நூலகத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைக் கேளுங்கள், அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடும்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்துக்கும், கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.