மே மாதத்தில் ஏன் ஆறு பேருக்கு மேல் எடுப்பதில்லை? | தாண்டிக்குடி காப்பித் தோட்டம்

வணக்கம் நண்பர்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மணி இப்போது காலை ஆறரை. தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் தோட்டத்தில், ஊற்றுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிறேன். போன வீடியோ பார்த்துவிட்டு நிறையப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருந்தீர்கள்: இவ்வளவு இடம் இருக்கிறதே, விருந்தாளிகள் தங்க ஏன் வெறும் மூன்று அறை, இன்னும் பத்து கட்டினால் என்ன? அதற்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் இங்கே இறங்கி வந்தேன். கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள்.

இந்தப் பாறை இடுக்கிலிருந்து விழுகிறதே, அதுதான் ஊற்று. கீழே இருக்கிற கல்தொட்டி என் பூட்டன் காலத்தில் கட்டியது. சுண்ணாம்புக் காரை இன்னும் விடவில்லை. அவர் இந்த மலைக்கு வந்தது காப்பி போடத்தான், ஆனால் நிலம் வாங்குவதற்கு முன்னால் ஒரு கோடை முழுக்க இந்த ஊற்றை வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாராம். அப்பத்தா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. சின்ன வயதில் எனக்கு அது ஏன் பெரிய விஷயம் என்று புரியாது.

சரி, கணக்கைச் சொல்கிறேன். இது பதினைந்து லிட்டர் குடம். இன்றைக்கு அது நிறைய ஆறு நிமிடம் ஆனது. நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர், ஒரு நாளைக்கு 3,600 லிட்டர். அதில் பாதியை நாங்கள் தொடுவதே இல்லை, அது அப்படியே ஓடையில் போகிறது, ஏனென்றால் கீழே காட்டுமாடு வந்து குடிக்கிற பள்ளம் இருக்கிறது, அதற்கும் கீழே இந்த மலையிலிருந்து இறங்குகிற எத்தனையோ ஓடைகள் சேர்ந்துதான் மருதாநதி ஆகி, அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகளுக்குப் பாய்ந்து, கடைசியில் வைகையைப் பார்க்கப் போகிறது. மீதி 1,800. வீட்டில் நாங்கள் ஐந்து பேர், அதற்கு 500. நாற்றுப் பண்ணைக்கும் தொழுவத்துக்கும் 400. மிச்சம் 900 லிட்டர். தலைக்கு 150 வைத்தால் ஆறு பேர். ஆறு பேர் என்றால் மூன்று அறை. அவ்வளவுதான் நண்பர்களே, வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

டிசம்பரில் வந்து பார்த்தால் இதே குடம் ஒரு நிமிடத்துக்குள் நிறையும். இந்தக் கீழ்ப்பழனி மலைக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை, அது பாறைக்குள் இறங்கி மெதுவாக ஊறி வருவதைத்தான் வருஷம் முழுக்கக் குடிக்கிறோம். ஏப்ரல், மே வரும்போது அது மெலிந்துவிடும். ஆனால் சமவெளியில் வெயில் கொளுத்தி எல்லோரும் மலைக்கு ஏறி வருவதும் அதே ஏப்ரல், மேயில்தான். மலையில் தண்ணீர் மிகக் குறைவாக இருக்கிற மாதத்தில்தான் ஆள் மிக அதிகமாக வருகிறார்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னதே, அதற்குப் பின்னால் இருப்பதும் ஒரு மலை எத்தனை வண்டியை, எத்தனை ஆளைத் தாங்கும் என்கிற கேள்விதான். இங்கே அந்தக் கேள்விக்கு இந்தக் குடம் பதில் சொல்கிறது.

விருந்தாளிகளை எடுக்க ஆரம்பித்த முதல் வருஷம் எனக்கு இது தெரியவில்லை. ஒரு மே மாத விடுமுறைக்கு, கேட்ட யாருக்கும் இல்லை என்று சொல்ல மனம் வராமல், பதினான்கு பேரை எடுத்தேன், களத்தில் கூடாரம் எல்லாம் போட்டேன். இரண்டாம் நாள் காலையில் தொட்டியில் அடிமண் தெரிந்தது. கீழே இருந்து தண்ணீர் லாரி வரவழைத்தோம். அந்த லாரி ஏறியதில் தோட்டப் பாதையில் இருந்த பழைய கல்பாலம் உடைந்தது. பாலத்தைத் திரும்பக் கட்டிவிட்டோம். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு காட்டுமாடு கன்றோடு வந்து காய்ந்த பள்ளத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நான் மேலே நின்று பார்த்தேன், அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

போர்வெல் போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் ஊற்றுக்கு வருகிற அதே நீரை அது கீழேயே இழுத்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் அப்பாவும் போடவில்லை, நானும் போடவில்லை.

இப்படி மேலே பாருங்கள். பலா, நாவல், அத்தி, சந்தனவேம்பு எல்லாம் பூட்டன் வெட்டாமல் விட்ட காட்டு மரங்கள். நிறையத் தோட்டங்களில் இவற்றை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைத்தார்கள். ஆஸ்திரேலிய மரம், சீக்கிரம் வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், விற்றால் காசு. எங்களிடமும் ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அராபிகா காப்பிக்கு நல்ல நிழல் வேண்டும், வெயில் நேராக விழுகிற செடியைத்தான் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்கிற பூச்சி அதிகம் தேடி வரும். அத்தி பழுத்தால் மலை அணில் வரும். இப்போது விசில் மாதிரி ஒன்று கேட்கிறதா, இருங்கள், பேசாமல் இருக்கிறேன்... அது சீகாரப் பூங்குருவி. ஓடை இருக்கிற இடத்தில்தான் இருக்கும்.

காப்பி பதப்படுத்துவதையும் இந்த ஊற்றை வைத்துத்தான் மாற்றினோம். தாத்தா காலத்தில் பழத்தைப் பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்கிக் கழுவி, பார்ச்மென்ட்டாக, அதாவது உள்தோலோடு காய்ந்த கொட்டையாகத்தான் விற்றார்கள், விலையும் கூடுதல். ஆனால் அதற்குத் தண்ணீர் நிறையப் போகும், கழுவின நீர் ஓடையில் கலந்தால் அதுவும் கெடுதல். இப்போது பெரும்பகுதியைப் பழமாகவே களத்தில் காயப்போட்டு செர்ரியாக எடுக்கிறோம். நீங்கள் தங்குகிற மூன்று அறையும் அந்தக் களத்தை ஒட்டி இருந்த பழைய காப்பிக் கிட்டங்கிதான். சுவர் பழசு, நாட்டு ஓடு பழசு, புதிதாகப் போட்டது குளியலறையும் ஜன்னலும் மட்டும்.

வீட்டுக்குப் பின்னால் அப்பத்தாவின் விருப்பாச்சி வாழை இருக்கிறது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற மலை வாழை, 2008ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிக்கொத்து நோய் வந்து இந்த மலைகளில் தோட்டம் தோட்டமாக அழிந்த வாழை அது, அசுவினிப் பூச்சி பரப்புகிற நோய். அப்பத்தா இன்றைக்கும் காலையில் ஒவ்வொரு குருத்தையும் விரலால் பிரித்துப் பார்ப்பார், கொத்தாகச் சுருங்கியிருந்தால் அந்த மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுக்கச் சொல்வார். இந்த வருஷம் இரண்டு போனது. மிச்சம் பதினெட்டு நிற்கிறது, வருகிற விருந்தாளிகளுக்கு அந்தப் பழம்தான் காலையில்.

அப்புறம் வரப்போகிறவர்களுக்கு: வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாக வாருங்கள், இருட்டுவதற்குள் ஏறிவிடுங்கள், பாதையில் யானை நடமாட்டம் உண்டு. கேம்ப் ஃபயர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. துணி துவைக்க வேண்டாம், ஊருக்குக் கொண்டுபோய்த் துவைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் இடம் இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாமல் டிசம்பரில் வாருங்கள், பழம் பறிக்கிற நேரம், களம் முழுக்கச் சிவப்பாக இருக்கும், ஊற்றும் நிறைந்திருக்கும்.

பனி ஏறி வருகிறது, லென்ஸ் மங்குகிறது. குடத்தை எடுத்துக்கொண்டு மேலே போகிறேன், அப்பத்தா காப்பிக்குத் தண்ணீர் கேட்டிருக்கிறார்.