ஃப்ரீ ஆன்ட்டிவைரஸ் எது போடலாம்? அதுக்கு முன்னாடி இந்த ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்க

வணக்கம் மக்களே, மண்டபத்துல இருந்து பேசுறேன். கச்சான் காத்து இன்னிக்குக் கொஞ்சம் பலமா அடிக்குது, மைக்ல இரைச்சல் வரும், பொறுத்துக்கங்க.

"அண்ணே, வீட்டு கம்ப்யூட்டருக்குக் காசு கட்டாம எந்த ஆன்ட்டிவைரஸ் போடலாம்?" பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரைன்னு நம்ம பக்கத்து ஆளுங்க எல்லாருமே இதைத்தான் கேக்குறீங்க. நேரா பதிலைச் சொல்லிடுறேன். விண்டோஸ் 10, இல்ல 11 வெச்சிருக்கீங்கன்னா மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் உள்ளயே இருக்கு. வீட்டுக்கு அது போதும். புதுசா எதையும் டவுன்லோட் பண்ண வேணாம்.

ஒரு காலத்துல டிஃபெண்டர்னாலே யாரும் மதிக்க மாட்டாங்க. அது வாஸ்தவம்தான், அப்ப டெஸ்ட்ல கடைசில கிடந்துச்சு. இப்ப அப்படி இல்ல. ஜெர்மனில ஏவி-டெஸ்ட்னு ஒரு லேப், ஆஸ்திரியால ஏவி-கம்பேரட்டிவ்ஸ்னு ஒரு லேப், இவங்க ரெண்டு பேரும் எல்லா ஆன்ட்டிவைரஸையும் வெச்சு வருஷம் பூரா சோதிக்கிறாங்க. அதுல காசு கட்டி வாங்குறதுகளோட சரிக்குச் சமமா டிஃபெண்டர் நிக்குது. ரிசல்ட்டை அவங்க வெப்சைட்லயே ஓசில பாக்கலாம். யூடியூப்ல நான் சொல்றதை நம்புறதை விட அதைப் பாத்து முடிவு பண்ணுங்க.

ஆனா அதுக்கு ஒரு பலவீனம் இருக்கு, நம்ம ஊருக்கு அது முக்கியம். டிஃபெண்டரோட பாதி பலம் நெட்லதான். சந்தேகமா ஒரு ஃபைலைப் பாத்தா மைக்ரோசாஃப்ட் சர்வர்கிட்ட கேட்டுத்தான் முடிவுக்கு வரும். நெட் இல்லேன்னா பிடிக்கிறது குறையும். நம்ம வீடுகள்ல பாதி பேருக்கு போன் ஹாட்ஸ்பாட்தான் நெட்டே. வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுவோம். அப்புறம் ஜெராக்ஸ் கடைக்குப் போன பென் டிரைவைக் கொண்டாந்து சொருகுவோம். இனிமே மொதல்ல ஹாட்ஸ்பாட்டைப் போட்டுட்டு அப்புறமா பென் டிரைவைச் சொருகுங்க. மை கம்ப்யூட்டர்ல அது மேல ரைட் கிளிக் பண்ணி ஸ்கேன் கொடுத்துட்டுத் திறங்க. உள்ள இருக்க ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிக் கிடந்துச்சுன்னா எதையும் கிளிக் பண்ணாதீங்க. உங்க ஃபைல் அழிஞ்சிருக்காது, பெரும்பாலும் உள்ளயே மறைஞ்சு கிடக்கும்.

இப்ப இந்த லேப்டாப்பைப் பாருங்க. விசைப்படகு வெச்சிருக்க அண்ணன் ஒருத்தரோடது, அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் காட்டுறேன். நண்டு, கணவாய் கணக்கு, வீட்டுப் பத்திரம் ஸ்கேன் பண்ணது, பிள்ளைங்க சர்டிஃபிகேட் எல்லாம் இதுலதான். "டிஃபெண்டர் ஆன்லதான் இருக்கு, ஆனாலும் பிரவுசர் தானாத் திறக்குது தம்பி"ன்னு கொண்டாந்து கொடுத்தாரு. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறக்குறேன். பச்சை டிக். எல்லாம் நல்லா இருக்குன்னு காட்டுது.

அடுத்து வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன். அதுல மேனேஜ் செட்டிங்ஸ். அப்படியே கீழ இறங்குங்க, எக்ஸ்க்ளூஷன்ஸ்னு இருக்கும். திறக்குறேன். பாத்தீங்களா? சி டிரைவ். ஒரு ஃபோல்டர் இல்ல, சி டிரைவ் மொத்தமும் இந்த லிஸ்ட்ல இருக்கு. இந்த லிஸ்ட்ல இருக்கதை டிஃபெண்டர் தொடாது. காவலுக்கு ஆளை நிறுத்தி அவன் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி. ஆனாலும் டிக் பச்சையாத்தான் இருக்கும், அதான் யாருக்கும் தெரியாமப் போகுது.

இது எப்படி வந்துச்சு? இந்த அண்ணன் எங்கயோ ஒரு கடைல விண்டோஸ் போட்டிருக்காரு. லைசென்ஸ் இல்லாத விண்டோஸ். அதை ஆக்டிவேட் பண்ற கிராக் சாஃப்ட்வேரை டிஃபெண்டர் விடாது. அதனால கிராக்கை ஓட்டுறதுக்கு முன்னாடி டிஃபெண்டரை அமத்துவாங்க, இல்லேன்னா இப்படி மொத்த டிரைவையும் லிஸ்ட்ல போட்டுருவாங்க. சில கிராக் அதையும் தானே செஞ்சுக்கும். எனக்கு இதுலதான் கோவமே வருது. ஒரு குடும்பத்தோட பேங்க் பாஸ்வேர்டு, பத்திரம் எல்லாம் இருக்க மெஷினை இப்படித் திறந்து போட்டுட்டுப் போறது நியாயமே இல்ல. கடைல கம்ப்யூட்டரைக் கொடுத்து வாங்குனீங்கன்னா அங்கயே நின்னு இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்க. அது காலியா இருக்கணும்.

நான் இதை ரிமூவ் பண்றேன். அப்டேட் கொடுக்குறேன். அடுத்து ஸ்கேன் ஆப்ஷன்ஸ்ல ஆஃப்லைன் ஸ்கேன். மெஷின் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுறதுக்கு முன்னாடியே தேடும், கால் மணி நேரம் ஆகும். ஓடுற நேரத்துல ஒளிஞ்சுக்குற வைரஸைப் பிடிக்க இதுதான் வழி. லைசென்ஸ் விண்டோஸ் போடச் சொல்லியும் சொல்லிட்டேன். பிரவுசர்ல சேவ் பண்ண பாஸ்வேர்டு எல்லாத்தையும் வேற போன்ல இருந்து மாத்தச் சொல்லிருக்கேன். திருடுற வைரஸ் மொதல்ல கை வைக்கிறது அங்கதான்.

வேற ஃப்ரீ ஆன்ட்டிவைரஸே வேணும்ங்கிறவங்களுக்கு. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் நாலுக்கும் இப்ப ஒரே முதலாளி, ஜென் டிஜிட்டல்னு கம்பெனி. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணு போட்டா முதலாளி மாறலைங்கிறதைத் தெரிஞ்சுக்கங்க. அவாஸ்ட் ஒரு காலத்துல, யார் எந்த சைட்டுக்குப் போறாங்கங்கிற விவரத்தை ஜம்ப்ஷாட்ங்கிற தன்னோட கம்பெனி மூலமா வித்துச்சு. 2020-ல அதை மூடுனாங்க. 2024-ல அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வெச்சுச்சு. அதனால ஃப்ரீயா ஒண்ணு போட்டா, செட்டிங்ஸ்ல பிரைவசிக்குப் போய் டேட்டா ஷேரிங்கை எல்லாம் அமத்துங்க. என்னைக் கேட்டா பிட்டிஃபெண்டர் ஃப்ரீ பரவால்ல, அதிகமா நச்சரிக்காது. மால்வேர்பைட்ஸ் ஃப்ரீ எப்பவும் காவல் காக்காது, நாம ஓட்டுனாத்தான் தேடும். டிஃபெண்டரோட சேத்து அப்பப்ப ஒரு தடவை ஓட்டிப் பாக்க நல்லது. காவல் காக்குற ஆன்ட்டிவைரஸ் ரெண்டை ஒண்ணாப் போடாதீங்க, ஒரே ஃபைலுக்கு ரெண்டும் மல்லுக்கட்டி மெஷின் நின்னுரும்.

பழைய மெஷின் வெச்சிருக்கவங்க கவனிங்க. கவர்மென்ட் கொடுத்த பழைய லேப்டாப் இன்னும் நம்ம பக்கம் நிறைய வீட்ல ஓடுது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட அப்டேட் நின்னுபோச்சு. அதுல எந்த ஆன்ட்டிவைரஸ் போட்டும் முழுசாக் காப்பாத்த முடியாது, விண்டோஸுக்குப் பதிலா ஓசில கிடைக்கிற லினக்ஸ் மின்ட்ங்கிற சிஸ்டத்துக்கு மாறுங்க. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட இலவச சப்போர்ட் முடிஞ்சிருச்சு. டிஃபெண்டர் அப்டேட் 2028 அக்டோபர் வரைக்கும் வரும்னு மைக்ரோசாஃப்ட் சொல்லிருக்கு, ஆனா அது வைரஸ் பட்டியல் மட்டும்தான். விண்டோஸ்ல இருக்க ஓட்டையை அது அடைக்காது. 2017-ல, ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேக்குற வான்னாக்ரைங்கிற வைரஸ் உலகம் பூரா பரவுனப்ப, அந்த ஓட்டைக்கான அப்டேட் வந்து ரெண்டு மாசம் ஆகியிருந்துச்சு. போடாதவங்கதான் மாட்டுனாங்க. 11-க்கு மாற முடியுற மெஷின்னா மாத்திருங்க.

கடைசியா ஒண்ணு. பேங்க்ல இருந்து காசு போயிருச்சுன்னா ஸ்கேன் ஓட்டிக்கிட்டு உக்காராதீங்க. நெட்டைத் துண்டிச்சுட்டு, உடனே போன்ல 1930-க்கு அடிங்க, அது சைபர் மோசடிப் புகார் நம்பர். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அவ்வளவு சீக்கிரம் அந்தப் பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்வாங்க. புகார் கொடுக்குற வரைக்கும் கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணிடாதீங்க, மெசேஜ், ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க, அவங்க கேப்பாங்க.