ஹூக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்

(வால்பாறையில் காட்டுயிர்ப் படம் எடுக்கும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி, பாதிப் பேர் தலைசுற்றலோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் முன்னுரை எல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நாளை ராத்திரி பாம்பும் ஓணானும் பல்லியும் தேடிப் போகிறோம். போவதற்கு முன் உங்களிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். யாரும் எந்த உயிரையும் தொடக்கூடாது. கையாலும் கூடாது, பாம்பைத் தூக்குகிற கொக்கிக் கம்பியான ஹூக்காலும் கூடாது, குச்சியாலும் கூடாது. அது எங்கே எப்படி இருக்கிறதோ அங்கேயே அப்படியே விட்டுப் படம் எடுக்க வேண்டும், முடியவில்லை என்றால் படம் இல்லாமல் திரும்பிவிட வேண்டும். இன்றைக்கு நான் பேசப்போவது பெரும்பாலும் இதற்கான காரணங்கள்தான். நடுவில் எங்கே தேடுவது, எப்படித் தேடுவது என்பதும் வரும், ஏனென்றால் தேடத் தெரிந்தவருக்குத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் வருவதில்லை.

உங்கள் போனில் இந்த மாதிரிப் படங்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். பாசி படர்ந்த கிளை, அதில் அழகாகச் சுருண்ட குழிவிரியன், பின்னால் முழுக் கறுப்பு, தலை சரியாகக் கேமராவைப் பார்த்தபடி இருக்கும். இதில் பல படங்கள் எப்படி எடுக்கப்படுகின்றன தெரியுமா? பாம்பை ஹூக்கில் தூக்கிப் பையில் போட்டு, பின்னணி நன்றாக இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு பாத்திரத்தையோ தொப்பியையோ கவிழ்த்து வைப்பார்கள். உள்ளே இருட்டில் அது அடங்கிச் சுருண்டதும் பாத்திரத்தை எடுத்துவிட்டுப் படபடவென்று அடிப்பார்கள். ஓடுகிற பல்லியைக் குளிர்பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து எடுப்பவர்களும் உண்டு. வெளியிலிருந்துதான் தன் உடலுக்குச் சூடு வாங்குகிற பிராணி அது, குளிரில் வைத்தால் தசை வேலை செய்யாது, ஓட முடியாமல்தான் அது நிற்கிறது. அதை எடுத்து ‘அமைதியாகப் போஸ் கொடுத்தது’ என்று எழுதி வெளியிடுவது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார்கள், மண்ணுக்கடியில் வாழ்கிற பாம்புக்குப் பாசிக் கிளையில் என்ன வேலை? சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள உயிரை அனுமதி இல்லாமல் பிடிப்பதும் வேட்டையில்தான் சேரும்.

சரி, தேடுவதற்கு வருவோம்.

ராத்திரியில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் தூங்குகிற ஓணான்தான். பகலில் உங்களைப் பார்த்ததும் மரத்தின் மறுபக்கம் போய் ஒளிகிற அதே ஓணான், ராத்திரி மெல்லிய கிளையின் நுனியில், இலையில், சில சமயம் புல் தண்டில்கூட அப்பிக்கொண்டு தூங்கும். நுனியில் ஏன் படுக்கிறது? அதைத் தின்ன வருகிற எதுவும் அந்தக் கிளை வழியாகத்தான் வர வேண்டும், வந்தால் கிளை ஆடும், ஆடினால் கையை விட்டுக் கீழே விழுந்து தப்பித்துவிடலாம். இதனால்தான் கிளையைப் பிடித்து உங்கள் பக்கம் வளைக்காதீர்கள் என்று சொல்கிறேன். நீங்கள் வளைத்த அந்த நொடியில் அது விழித்து இருட்டில் எங்கோ விழுந்து, மீதி ராத்திரியைப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் கழிக்கும். தூங்கும்போது அதன் நிறம் வெளுத்திருப்பதால் டார்ச் வெளிச்சத்தில் பச்சைக்கு நடுவே தனியாகத் தெரியும். சமவெளிப் புதர்க்காட்டில் பச்சோந்தியைத் தேடுகிறவர்களும் இதே வெளுப்பைத்தான் தேடுகிறார்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், இடுப்பில் பிடித்தால் நிழல் விழுந்து பாதி மறைந்துவிடும். மெதுவாக நடங்கள், முகத்துக்கு நேரே இருக்கிற இலைகளில் தொடங்கி முழங்கால் உயரம்வரை பாருங்கள், அப்புறம் வந்த வழியே திரும்பும்போது இன்னொரு முறை பாருங்கள், போகும்போது இல்லாதது திரும்பும்போது இருக்கும்.

ஓடைப் பக்கம் போனால் மலபார் குழிவிரியனுக்கு வாய்ப்பு உண்டு. இந்த ஒரு பாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் பொறுமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். பச்சை, பழுப்பு, மஞ்சள், செம்மஞ்சள் என்று பல நிறங்களில் வரும், ஒரே ஓடைக்கரையில் இரண்டு நிறத்தைப் பார்க்கலாம். இது துரத்தி வேட்டையாடும் பாம்பு இல்லை. ஒரு புதரையோ பாறையையோ தேர்ந்தெடுத்து, தவளையோ எலியோ பல்லியோ வருகிற பாதையைப் பார்த்துத் தலையை வைத்துக்கொண்டு காத்திருக்கும். அதே செடியில் பல நாள்கூட இருக்கும். பக்கத்தில் போய், அதாவது அதன் உடல் நீளத்தைவிடக் கூடுதலான தூரத்தில் நின்று, ஜூம் வழியாகப் பாருங்கள். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் இன்னொரு குழி தெரியும். எதிரே வருகிற சூடான உடலின் வெப்பத்தை அதனால் உணர முடியும், இருட்டில் எலி எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரிவது இப்படித்தான். கண்மணி செங்குத்தான கீற்றாக இருக்கும். மழை நாளில் மடிப்புகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்கும். குளிர்ந்த ராத்திரியில் நீங்கள் அரை மணி நேரம் நின்றாலும் அது நாக்கைக்கூட நீட்டாமல் இருக்கலாம், அந்த அரை மணியில் உங்கள் கேமராவுக்கு வேண்டிய எல்லாக் கோணமும் கிடைத்துவிடும். அதை ஹூக்கில் தூக்கி இரண்டு அடி தள்ளி வைத்தீர்கள் என்றால், அது தேடிக் கண்டுபிடித்த வேட்டை இடமும் போச்சு, அன்றைய இரையும் போச்சு. தன்னிடத்தில் உட்கார்ந்திருக்கிற பாம்பின் பார்வைக்கும் தூக்கி வைக்கப்பட்ட பாம்பின் பார்வைக்கும் உள்ள வேறுபாடு படத்திலும் தெரியும், பழகிய கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

கீழே கால் வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். காய்ந்த இலை நிறத்திலேயே, ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில் கூன்மூக்குக் குழிவிரியன் இலைச் சருகில் கிடக்கும். குட்டிகள் வெளிர் வால் நுனியைப் புழு மாதிரி ஆட்டி இரையைக் கிட்டே வரவைக்கும், அந்த அசைவுதான் சில சமயம் நமக்கும் காட்டிக்கொடுக்கும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துத் தயாரிக்கப்படுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு அதில் இடமில்லை. கூன்மூக்கன் கடித்தால் டாக்டர்கள் ரத்தம் உறைவதையும் சிறுநீரகத்தையும் கண்காணித்து, வருகிற சிக்கலுக்கு வைத்தியம் பார்க்கத்தான் முடியும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது, ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். அதில் பெரும்பாலோர் வயலிலும் வீட்டைச் சுற்றியும் கடிபட்ட கிராமத்து மக்கள், அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. படத்துக்காக விரும்பிப் போகிற நமக்கு வழி இருக்கிறது. கடிபட்டால் மோதிரம், வாட்ச் கழற்றுங்கள், கட்டாதீர்கள், கீறாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள், கடித்த பாம்பைப் பிடிக்கப் போகாதீர்கள்.

அப்புறம் இந்த ஊர் ரோடு. நல்ல மழை பெய்த அன்று தேயிலைக்கு நடுவே போகிற தார் ரோட்டில் கேடயவால் பாம்புகள் வெளியே வரும். இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குடும்பம் இது. மண்ணுக்குள் மண்புழு தின்று வாழ்கிறது, குட்டி போடுகிறது, கையில் எடுத்தால்கூடக் கடிக்காது. கூரான சின்னத் தலை, வானவில் நிறம் அடிக்கிற செதில், பல இனங்களில் அரிவாளால் சாய்வாக வெட்டிவிட்டது போன்ற வால், அந்த வெட்டுமுகத்தில் சொரசொரப்பான கேடயம், அதில் எப்போதும் கொஞ்சம் மண் ஒட்டியிருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாண வனத்துறையை நடத்திய ரிச்சர்டு ஹென்றி பெடோம் இந்தப் பாம்புகளில் நிறைய இனங்களுக்கு முதன்முதலில் அறிவியல் பெயர் வைத்தார். அதற்குப் பிறகு இத்தனை காலம் ஆகியும் பல இனங்களின் வாழ்க்கை முறையைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் கொஞ்சம், அவற்றை நாம் அதிகம் பார்ப்பதும் வண்டிச் சக்கரத்தில் நசுங்கிய பிறகுதான். தொடக்கூடாது என்று சொன்னேன் இல்லையா, அதற்கு ஒரே விதிவிலக்கு இதுதான். ரோட்டின் நடுவே கேடயவால் பாம்பு உயிரோடு ஊர்ந்தால், அதுதான் என்று கூட வருகிற வாட்சர் உறுதியாகச் சொன்ன பிறகு, ஈர இலையிலோ தட்டையான அட்டையிலோ ஏந்தி, அது போய்க்கொண்டிருந்த பக்கத்து ஓரத்தில் விட்டுவிடலாம். விட்ட பிறகு போகிறபோக்கில் கிடைக்கிற படம் போதும்.

பகல் தேடலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலையடிவாரத்துப் பாக்குத் தோப்பில் பறக்கும் ஓணான் மரப்பட்டையோடு ஒட்டிக் கிடக்கும், ஆண் தொண்டைக்குக் கீழுள்ள மஞ்சள் தோலை விரித்து மூடுகிறபோதுதான் தெரியும், விலா எலும்புகளை விரித்து அடுத்த மரத்துக்குச் சறுக்கிப் போகிறதைப் படம் பிடிக்க ஒரே தோப்பில் காலை முழுக்க உட்கார வேண்டும். பாறை இடுக்குகளில் நெமாஸ்பிஸ் வகைப் பல்லிகளைப் பாருங்கள். வீட்டுப் பல்லி மாதிரி இல்லாமல் பகலில் நடமாடும், கண்மணி வட்டமாக இருக்கும். 2024-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்திலிருந்து இரண்டு புது இனங்கள் வந்தன, ஒன்றுக்குச் சதுரகிரி மலையின் பெயர், இன்னொன்றுக்கு ஓவியர் வான்கோவின் பெயர், அதன் மஞ்சள் தலையும் முதுகின் வெளிர்நீலப் புள்ளிகளும் அவருடைய விண்மீன் இரவு ஓவியத்தை நினைவூட்டியதாம். பக்தர்கள் நடக்கிற மலையில், கட்டை விரல் நீளத்தில், இத்தனை காலம் பெயரில்லாமல் இருந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

இங்கேதான் உங்கள் படத்துக்கு உண்மையான வேலை இருக்கிறது. கல்லையோ மரத்துண்டையோ புரட்டுவதை ஆராய்ச்சி அனுமதி உள்ளவர்களுக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் எடுக்கிற படத்தில் இனத்தை அடையாளம் காண முடிந்தால் அது பெரிய உதவி. பச்சைப் பாம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்கொத்திப் பாம்பு என்று பயந்து அடித்துக் கொல்லப்படுகிற அந்தப் பாம்பு, மேற்குத் தொடர்ச்சி மலையில் நாம் நினைத்ததைவிட அதிக இனங்களாகப் பிரிந்திருக்கிறது என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் முகத்தை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள். தலையின் பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, நடு உடம்பின் செதில் வரிசை தெரிகிற மாதிரி ஒன்று, வால், அப்புறம் கொஞ்சம் தள்ளி நின்று அது இருக்கிற செடியோடு சேர்த்து ஒன்று. ஃபிளாஷுக்கு வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்குகிற டிஃப்யூசர் கட்டாயம், நனைந்த செதில் கண்ணாடி மாதிரி பளிச்சிட்டால் விவரம் எல்லாம் போய்விடும். 100 எம்எம் மேக்ரோ லென்ஸ் இருந்தால் அபர்ச்சரை எஃப் 11 பக்கம் வைத்துக் கண்ணில் ஃபோகஸ் பண்ணுங்கள். பாம்புக்கு மூடுவதற்கு இமை இல்லை, ஆகவே முகத்துக்கு நேரே டார்ச்சை நிறுத்தி வைக்காதீர்கள், பத்துப் பதினைந்து படத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு விலங்கிடம் ஒரு நேரத்தில் ஒருவர்தான், மற்றவர்கள் பின்னால் நிற்கட்டும்.

படத்தை வெளியிடும்போது இடத்தைச் சொல்லாதீர்கள். கேமராவிலும் போனிலும் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள், ‘வால்பாறைப் பக்கம்’ என்பதுகூட அதிகம், ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ போதும். 1999-ல் சீனத் தெற்கிலிருந்து ஒரு பல்லிக்குப் பெயர் வைத்து, கோனியூரோசாரஸ் லூயி என்று, ஆய்வுக் கட்டுரை வந்தது. அதிலிருந்த இடக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு வளர்ப்புப் பிராணி வியாபாரிகள் போனார்கள், சில ஆண்டுகளில் முதலில் கண்டெடுத்த இடத்திலேயே அது அற்றுப்போனது. நம் நட்சத்திர ஆமை பெட்டி பெட்டியாக விமான நிலையங்களில் பிடிபடுவதைச் செய்தியில் படிக்கிறீர்கள், 2019-ல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துகிற ‘சைட்ஸ்’ ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கு அதை ஏற்றியது அதனால்தான். ஆய்வாளர்களுக்கு இடம் தேவைப்பட்டால் அவர்களிடம் நேரடியாகக் கொடுங்கள்.

இந்தக் கண் பயிற்சி யாரிடம் கிடைக்கும் என்று மதியம் ஒரு தம்பி கேட்டார். ஏற்கெனவே இருக்கிறவர்களிடம்தான். செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிப்போன பர்மா மலைப்பாம்புகளைத் தடம் பார்த்துத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள், 2023-ல் பத்மஸ்ரீ வந்தது. விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியை 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம்தான் எடுத்துக் கொடுக்கிறது. இங்கே ஆனைமலையில் காடர், மலசர், முதுவர் வீட்டுப் பிள்ளைகள் வாட்சர்களாக இருக்கிறார்கள். நாளை அண்ணன் ஒருவர் கூட வருகிறார். அவர் நில் என்றால் நின்றுவிட வேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்கலாம். படத்தில் இடத்தை விடுங்கள், அவர் பெயரை மட்டும், அவர் சம்மதித்தால், தவறாமல் போடுங்கள்.

நடை எஸ்டேட் பாதையில்தான், நிர்வாகத்தின் அனுமதி வாங்கியாச்சு. புலிகள் காப்பகத்துக்குள் ராத்திரியில் நமக்கு அனுமதி கிடையாது, ஆர்வத்தில் யாரும் பாதை தாண்டி உள்ளே போக வேண்டாம். பாம்பைவிட யானையும் சிறுத்தையும் கரடியும்தான் இங்கே பெரிய ஆபத்து. யானை கிட்டே இருந்தால் எச்சரிக்கிற சிவப்பு விளக்குகளை ரோட்டோரத்தில் பார்ப்பீர்கள், அது எரிந்தால் நடை ரத்து. கணுக்கால் மறைக்கிற ஷூ, அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்க லீச் சாக்ஸ், இரண்டு டார்ச், மாற்று பேட்டரி, மழைக்கோட்டு. லீச் சாக்ஸ் இல்லாதவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள், கையிருப்பு கொஞ்சம்தான். நாளை ஆறரைக்கு இதே வாசலில் இருங்கள்.