பிரிவீயின் பொய்களை உடைத்தது நட்பே

நடுவர் அவர்களே, எனக்கு முன் பேசி அவையைக் கண் கலங்க வைத்துவிட்டுப் போன எதிரணித் தோழி அவர்களே, அவையோரே, வணக்கம்.

தாய்மைக்கு எதிர்ப்பக்கம் நின்று கைதட்டல் வாங்குவது சிரமம் என்று தெரிந்துதான் வந்திருக்கிறேன். தலைப்பை ஒருமுறை நினைவுபடுத்திவிடுகிறேன். ஆஸ்திரேலிய எழுத்தாளர் லியான் மோரியார்ட்டி 2014-இல் வெளியிட்ட 'பிக் லிட்டில் லைஸ்' நாவலில் மறைந்து கிடக்கும் உண்மைகளை வெளியே கொண்டுவருவது தாய்மையா, நட்பா? என் பக்கம் நட்பு. இனிமேல்தான் அந்த நாவலைப் படிக்கப் போகிறேன் என்பவர்கள் இப்போதே காபி குடிக்கப் போய்விடலாம். எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடப் போகிறேன்.

சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பக்கம் பிரிவீ என்றொரு கற்பனை ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடம். பெற்றோருக்கான வினாடி வினா இரவு நடக்கிறது. ஆண்கள் எல்லாரும் எல்விஸ் பிரெஸ்லி வேஷம், பெண்கள் எல்லாரும் ஆட்ரி ஹெப்பர்ன் வேஷம். அந்த இரவில் ஒருவர் சாகிறார். கொன்றது யார் என்று தேடவைக்கிற நாவல்கள் ஏராளம். இதில் செத்தது யார் என்பதே கடைசிப் பக்கங்கள் வரை தெரியாது. இந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு மோரியார்ட்டியைப் பிடிக்கும்.

மூன்று பெண்கள். நாற்பது வயதாகும் மேடலின், வாயாடி, கோபக்காரி. செலஸ்ட், பேரழகி, பணக்காரி, இரட்டைப் பையன்களின் அம்மா. ஜேன், இருபத்து நான்கு வயது, கணவன் இல்லை, ஐந்து வயது மகன் ஜிகியோடு ஊருக்குப் புதிதாக வந்தவள். சேர்க்கைக்கு முன் நடக்கும் அறிமுக நாளிலேயே சிக்கல் ஆரம்பம். அமபெல்லா என்ற குழந்தையின் கழுத்தை யாரோ நெரித்திருக்கிறார்கள். யார் என்று கேட்டால் அவள் ஜிகியைக் காட்டுகிறாள்.

அப்புறம் என்ன நடந்தது? அமபெல்லாவின் அம்மா ரெனாட்டா சும்மா இருப்பாளா? பள்ளி இரண்டாகப் பிளக்கிறது. ஜிகியை இடைநீக்கம் செய்யச் சொல்லி மனு சுற்றுகிறது. ஐந்து வயதுப் பையனுக்கு எதிராக மனு! கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் அம்மா அப்பாக்கள்தான். தன் பிள்ளைக்காக எதையும் செய்வாள் தாய் என்று எதிரணித் தோழி உருகினார். ஆமாம் அம்மா, எதையும் செய்தார்கள், அடுத்தவள் பிள்ளைக்கு எதிராக.

செலஸ்டுக்கு வருகிறேன். அவள் கணவன் பெர்ரி அவளை அடிக்கிறான். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஊரே பொறாமைப்படும் ஜோடி. ஏன் பொறுத்துக்கொள்கிறாள்? பல காரணங்கள் உண்டு, காதலும் பணமும் வெட்கமும். ஆனால் தனக்குத் தானே அவள் அடிக்கடி சொல்லிக்கொள்வது, பையன்களுக்கு அப்பா வேண்டும், அவர்கள் எதையும் பார்க்கவில்லை என்பதுதான். ஜேனும் அப்படியே. ஒரே இரவு, ஓட்டல் அறை, அவளை உடம்பாலும் சொல்லாலும் கேவலப்படுத்திய ஒரு ஆள். அவன் சொன்ன பெயர் சாக்ஸன் பேங்க்ஸ். ஜிகியின் அப்பா அவன்தான் என்பதை மகனுக்காகவே பூட்டி வைத்திருக்கிறாள். நடுவர் அவர்களே, இந்தக் கதையில் தாய்மை ரகசியத்துக்குக் காவல் இருக்கிறது. நான் குற்றம் சொல்லவில்லை, அது அவர்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு. ஆனால் பூட்டுகிற கை திறக்கிற கை ஆகிவிடாது.

திறந்தது யார்? ஜேன் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வது மேடலினிடம். அது செலஸ்டின் காதுக்கு வரும்போது அவள் ஆடிப்போகிறாள், ஏனென்றால் பெர்ரியின் உறவுக்காரன் ஒருவனுக்கு அதே பெயர். அவன்தான் என்று நினைக்கிறாள். உண்மையில், பெர்ரி அன்றைக்கு உறவுக்காரனின் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். அடிக்கடி வெளிநாடு பறக்கும் அவனை ஜேன் அந்த வினாடி வினா இரவில்தான் நேருக்கு நேர் பார்க்கிறாள். பொய்ப் பெயர் அங்கேதான் கிழிகிறது.

எதிரணி கேட்டது நியாயமான கேள்வி. நட்புக்குக் கொடுத்த வாக்கினால்தானே ஜிகி வாயைத் திறக்கவில்லை? ஆமாம். அமபெல்லாவை உண்மையில் வதைத்தது யார் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்குக் கொடுத்த வாக்குக்காக மறைத்தான், கடைசியில் அம்மாவிடம்தான் சொன்னான். இதற்கு ஒரு மதிப்பெண் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் சொன்ன பெயர் மேக்ஸ், செலஸ்டின் மகன். வெறும் தாயாக இருந்தால் ஜேன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு நேராகப் பள்ளிக்கு ஓடி மகனின் களங்கத்தைத் துடைத்திருக்கலாம். அவள் செலஸ்டிடம் பேசுகிறாள். பையன்கள் எதையும் பார்க்கவில்லை என்று ஒரு தாய் வளர்த்துவந்த நம்பிக்கையை உடைக்கத் தோழி தேவைப்பட்டாள். பெர்ரியை விட்டுப் போகிறேன் என்று முடிவெடுத்தது தாய்தான், மறுக்கவில்லை. செய்தி கொண்டுவந்தது யார்? (செலஸ்டை ரகசியமாக வீடு பிடிக்கச் சொன்ன மனநல ஆலோசகரை இரண்டு அணியும் உரிமை கொண்டாட முடியாது, அவரை விட்டுவிடுவோம்.)

இன்னொரு மாறுவேடம். மேடலினின் பதினான்கு வயது மகள் அபிகேல், நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுகிறேன் என்று பெற்றோர் நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஒரு விபரீத இணையதளம் தொடங்குகிறாள். மேடலின் என்னென்னவோ செய்து பார்க்கிறாள், மகள் அசையவில்லை. அப்போது லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்கர் முளைக்கிறார். தளத்தை மூடினால் ஒரு லட்சம் டாலர் நன்கொடை என்கிறார். தளம் மூடப்படுகிறது. அந்த லாரி வேறு யாருமில்லை, செலஸ்ட். நட்பும் பொய் சொல்கிறதே என்று எதிரணி சிரிப்பது கேட்கிறது. சொல்கிறதுதான். பெற்ற தாயால் முடியாததைச் செய்துவிட்டு, பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளாத பொய் அது.

இப்போது அந்த வினாடி வினா இரவின் பால்கனி. பெர்ரி எல்லார் முன்னாலும் செலஸ்டை அடிக்கிறான். மேடலினின் முன்னாள் கணவனின் இப்போதைய மனைவி போனி, யோகா, அமைதி என்று இருப்பவள், கத்திக்கொண்டே அவனைத் தள்ளிவிடுகிறாள். அவன் விழுந்து சாகிறான். இதை நான் நட்புக் கணக்கில் எழுத மாட்டேன். அப்பாவிடம் அடி வாங்கிய தன் அம்மாவைப் பார்த்து வளர்ந்த குழந்தை போனி. அந்தக் குழந்தை தள்ளியது, தாயும் அல்ல, தோழியும் அல்ல. ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். போனியைக் காப்பாற்ற, அவன் விழுந்ததை நான் பார்க்கவில்லை என்று சொல்வது ரெனாட்டா. ஜேனின் ஜென்மப் பகையாக நின்றவள்! தாயாக நின்றபோது பிரித்தவள் அந்த இடத்தில்தான் தோழியாகிறாள். சட்டப்படி அது தவறு, நாவலும் அதைக் கொண்டாடவில்லை. போனி தானே போய் ஒப்புக்கொண்டு, சமூக சேவைத் தண்டனை பெறுகிறாள்.

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று. பெர்ரி இறந்த பிறகு செலஸ்ட் ஜிகிக்கும் ஒரு தொகையை ஒதுக்குகிறாள். தன் இரண்டு பிள்ளைகளின் பங்கிலிருந்து, தன் கணவன் சீரழித்த இன்னொருத்தியின் மகனுக்கு. தாய்மை என்றால் தன் பிள்ளைக்குச் சேர்த்து வைப்பது என்று எதிரணித் தோழி சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன். அப்படியானால் இந்தப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது என்று அடுத்துப் பேச வருபவர் முதலில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.