ஆச்சியின் மொய்க்கணக்கும் மேக் கம்ப்யூட்டரும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் 20 வருஷத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை, ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மென்பொருள் ஓட்டுவதைப் பற்றித்தான் பேசுவேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். நம் பக்கத்தில் இது நிறைய வீடுகளில் நடக்கிற விஷயம். மகன் சிங்கப்பூரில், மகள் அமெரிக்காவில். லீவுக்கு வருகிறவர்கள் தாங்கள் வைத்திருந்த ஆப்பிள் லேப்டாப்பை அப்பா அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நல்ல மெஷின், சத்தம் இல்லை, சூடு இல்லை, சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறது. ஆனால் அதை மஞ்சள் பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுவருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், "தம்பி, இதுல நம்ம பழைய சாப்ட்வேர் ஓடாதாமே?"

ஓடும். எல்லாம் ஓடாது, ஆனால் நீங்கள் நினைப்பதைவிட நிறைய ஓடும். அதனால் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், உங்களுக்கு எந்த மென்பொருள் வேண்டும், அதில் என்ன வேலை? இதைச் சொல்லிவிட்டால் வழி தன்னால் தெரிந்துவிடும்.

மூன்று வழி இருக்கிறது. படம் போட்டுக் காட்ட முடியாத இடம் இது, அதனால் நம் வீடுகளை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு ஒன்று இருக்கும். அதில் ஒருத்தர் கல்யாணத்தை முடித்து, சாமான்களை ஒதுக்கி, சாவியைக் கொடுத்த பிறகுதான் அடுத்தவர் விசேஷம் வைக்க முடியும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் முடியாது. பூட் கேம்ப் என்று ஆப்பிள் 2006ல் கொண்டுவந்தது இந்த ஏற்பாடுதான். கம்ப்யூட்டரை அணைத்து, ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே போட்டால் மேக் வேண்டுமா விண்டோஸ் வேண்டுமா என்று கேட்கும், எதைச் சொல்கிறீர்களோ அதற்குத்தான் முழு வீடும். இன்டெல் சிப் இருந்த மேக்கில் அருமையாக ஓடியது. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்தது, அந்தச் சிப் போட்ட மேக் எதிலும் பூட் கேம்ப் கிடையாது. ஆப்பிள் குறியைத் தொட்டு 'இந்த மேக்கைப் பற்றி' என்பதைத் திறந்தால் சிப் பெயர் இருக்கும். எம்1, எம்2 என்று எம்மில் தொடங்கினால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி நமக்கெல்லாம் நன்றாகவே தெரிந்த ஒன்று, வேறு வைக்கிறது. கல்யாணம் ஆன பிள்ளையை அதே வீட்டில், வளவில் ஒரு அறையைக் கொடுத்து, தனி அடுப்பு, தனிச் சாமான் என்று வேறு வைப்பார்களே, அது. வாசல் ஒன்று, கிணறு ஒன்று, உலை மட்டும் வேறு. பேரலல்ஸ், விஎம்வேர் ஃப்யூஷன், யூடிஎம் எல்லாம் இந்த வகை. மேக்குக்குள்ளேயே ஒரு முழு விண்டோஸ் தனிக் குடித்தனம் நடத்தும். வேறு வைத்தால் அரிசி பருப்பைப் பங்கு பிரிக்க வேண்டும் இல்லையா, இங்கே பங்கு பிரிவது ராம், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும்போது பயன்படுத்துகிற நினைவகம். 8 ஜிபி ராம் உள்ள மேக்கில் பாதியை விண்டோஸுக்குக் கொடுத்தால் இரண்டு குடித்தனமும் இழுபறிதான். 16 இருந்தால் நிம்மதி. எம் வகைச் சிப் இன்டெல் இனம் இல்லை, ஆர்ம் என்ற வேறு இனம். அதில் சாதாரண விண்டோஸ் ஏறாது, ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ் 11தான் ஏறும். அது பழைய இன்டெல் மென்பொருள்களைத் தானே மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும். விஎம்வேர் ஃப்யூஷன் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம், யூடிஎம்மும் இலவசம். ஆனால் விண்டோஸ் லைசென்ஸ் தனிக் காசு, அதை மறக்க வேண்டாம். டேலியில் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். லைசென்ஸுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் டேலியை எஜுகேஷன் மோடில் போட்டுப் பாருங்கள், 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட விடும், ஆனால் பிரிண்டர் எடுக்கிறதா, பில் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க அதுவே தாராளம்.

மூன்றாவது வழி ஒயின். குடிக்கிற ஒயின் இல்லை, ஒரு மென்பொருளின் பெயர். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், இதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். இதில் விண்டோஸே கிடையாது. பர்மாவுக்கு முதல் தடவை கப்பல் ஏறிப் போன நம் ஊர்க்காரர் ஒருத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தமிழ் மட்டும் தெரியும். பக்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஆள் நிற்கிறார். இவர் "கணக்கு நோட்டைக் கொடுங்க" என்று தமிழில் சொன்னதும் அவர் அதைப் பர்மிய மொழியில் சொல்லி நோட்டை வாங்கிக் கொடுக்கிறார். விண்டோஸ் மென்பொருளும் ஓயாமல் கேட்டுக்கொண்டேதான் இருக்கும், இந்த ஃபைலைத் திற, இங்கே ஒரு கட்டம் போடு, இந்த எழுத்தைக் காட்டு என்று. ஒயின் அதையெல்லாம் மேக்குக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும், அவ்வளவுதான். 1993ல் தொடங்கினார்கள். 1.0 என்று பெயர் வைத்து வெளியிட்டது 2008ல், 15 வருஷம் கழித்து. உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எழுதி இலவசமாகக் கொடுத்தது. அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிறது. காசு கொடுத்து வாங்குகிற கிராஸ்ஓவர் இந்த ஒயினுக்கு மேலே கட்டியதுதான், 14 நாள் சும்மா ஓட்டிப் பார்க்கலாம்.

சரி, இப்போது ஆச்சி கதை. இதைச் சொல்லாமல் என்னால் போக முடியாது.

பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சி ஒருத்தர், எழுபது தாண்டியவர். அவர் வீட்டில் 1999லிருந்து நடந்த எல்லாக் கல்யாணத்தின் மொய்க்கணக்கும், சாமான் பரப்பியதில் என்னென்ன வைத்தார்கள் என்ற பட்டியலும், எவர்சில்வர் குத்துச்சட்டி வரைக்கும், கம்ப்யூட்டரில் இருக்கிறது. அப்போது காலேஜில் படித்த சொந்தக்காரப் பையன் விஷுவல் பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்த சின்ன மென்பொருள். பச்சை நிறத் திரை, பெரிய பெரிய பொத்தான்கள். யார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று ஆச்சி அதைப் பார்த்துத்தான் போவார். பழைய பெட்டி ஒரு நாள் புகைந்து நின்றுவிட்டது. மகன் மேக்புக் ஏர் கொடுத்தார், எம்1. எங்கேயோ கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள், "இதுல ஓடவே ஓடாது, வித்துட்டு வேற வாங்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆச்சி என்னிடம் வந்து, "தம்பி, எனக்கு இன்டர்நெட்டெல்லாம் வேணாம்ப்பா, அந்தப் பச்சைப் பெட்டிய மட்டும் திறந்து குடு, போதும்" என்றார்.

பழைய பெட்டியின் ஹார்ட் டிஸ்க் நல்லபடியாக இருந்தது. அதிலிருந்து அந்த ஃபோல்டரை எடுத்தேன். கிராஸ்ஓவரில் பாட்டில் என்று ஒன்று உண்டாக்குவோம், ஒரு மென்பொருளுக்கென்று ஒதுக்கிய சின்ன விண்டோஸ் டப்பா மாதிரி. அதில் போட்டுத் திறந்தால் முதல் அடி, எம்எஸ்விபிவிஎம்60 என்ற ஃபைல் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அது விஷுவல் பேசிக் 6க்கான துணை ஃபைல், அதைப் பாட்டிலில் சேர்த்தேன். அப்புறம் டேட்டாபேஸ் திறக்கவில்லை, ஆக்சஸ் டேட்டாபேஸுக்கு வேண்டிய ஜெட் என்ற துண்டையும் சேர்த்தேன். பச்சைத் திரை வந்தது! ஆச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கொம்பு முளைத்த ஏ, தலையில் புள்ளி வைத்த ஓ என்று ஐரோப்பிய எழுத்துகளாக நிற்கிறது.

இது நேயர்களில் நிறையப் பேருக்கு வந்திருக்கும், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாக எண் கொடுக்கிற யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தமிழ் எழுத்து ஃபான்ட்டில்தான், அதாவது எழுத்துரு ஃபைலில்தான், இருந்தது. 1999ல் சென்னையில் மாநாடு நடத்தி எந்தத் தமிழ் எழுத்துக்கு எந்த எண் என்று டாம், டாப் என்ற பெயரில் அரசு தரம் வகுத்தது அந்தக் காலத்தில்தான். ஃபைலுக்குள் இருப்பது வெறும் எண், ஃபான்ட் இருந்தால் அது 'அ', இல்லாவிட்டால் கொம்பு முளைத்த ஏ. ஆகவே கணக்கு அழியவில்லை, ஃபான்ட்தான் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில் அந்த ஃபான்ட் அப்படியே உட்கார்ந்திருந்தது. எடுத்துப் பாட்டிலுக்குள் அதே பெயருள்ள ஃபோல்டரில் போட்டேன், மூடித் திறந்தேன். 'மெய்யம்மை ஆச்சி, கோனாபட்டு, 501' என்று தமிழில் வந்து நின்றது. ஆச்சி அந்தப் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். "இவுக போயிட்டாக தம்பி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இல்லையே, இது தப்பா காட்டுதே, ஆவணியில நடந்த கல்யாணத்தை மாசியில காட்டுது" என்றார். திரையில் 9/3/2000. நாம் படித்தால் மார்ச் 9. உண்மையில் அது செப்டம்பர் 3. பாட்டில் அமெரிக்க முறையில் மாதத்தை முன்னால் போட்டுக் காட்டுகிறது, உள்ளே கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இந்தியா என்று மாற்றியதும் 3/9/2000 என்று வந்துவிட்டது. அவர் சொல்லாவிட்டால் நான் கவனித்திருக்கவே மாட்டேன். ஆகவே யார் மென்பொருளை மாற்றிக் கொடுத்தாலும், உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இரண்டு மூன்று தேதியையும் தொகையையும் எடுத்துச் சரிபார்த்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொண்டு போங்கள். ஃபைல் திறந்துவிட்டது என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது, இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

மணி ஆகிவிட்டது என்று எதிரே கை காட்டுகிறார்கள். விளையாட்டைப் பற்றித் தனியாகப் பேச நினைத்திருந்தேன், பிள்ளைகள் கோபித்துக்கொள்ளக் கூடாது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் அந்த விளையாட்டு மேக்குக்கே வந்திருக்கிறதா என்று பாருங்கள், சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய விளையாட்டே 2025ல் நேரடியாக வந்துவிட்டது. வராவிட்டால் ஒயின், கிராஸ்ஓவர் வழி. 2023ல் ஆப்பிளே கேம் போர்ட்டிங் டூல்கிட் என்று ஒன்றை வெளியிட்டது, விளையாட்டு திரையில் படம் வரைய விண்டோஸில் இருப்பது டைரக்ட்எக்ஸ், மேக்கில் இருப்பது மெட்டல், முன்னதில் எழுதியதைப் பின்னதுக்கு மாற்றுவது. அதற்குப் பிறகு நிறைய ஓடுகிறது. தனியாக ஆடுகிற விளையாட்டு பெரும்பாலும் வரும். வாலரண்ட் மாதிரி, ஏமாற்றுக்காரரைப் பிடிக்க விண்டோஸின் அடி ஆழம் வரை போய் உட்காருகிற காவல் மென்பொருளோடு வருவது ஓடாது, அதற்காக மெனக்கெட வேண்டாம்.

இன்னொன்று, எம் சிப் மேக்கில் கிராஸ்ஓவர் மாதிரி ஆட்கள் இன்டெல் சிப்புக்கு எழுதியதை எம் சிப்புக்கு மாற்றிக் கொடுக்கிற ஆப்பிளின் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பியை நம்பி நிற்கிறார்கள். மேக்கை ஓட்டுகிற மேக்ஓஎஸ்ஸின் 27ஆம் பதிப்பு வரைதான் அது முழுதாக இருக்கும், பிறகு சில பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதியை மட்டும் வைப்போம் என்று ஆப்பிள் 2025ல் சொல்லிவிட்டது. ஆகவே வேலை ஓடிக்கொண்டிருக்கிற மேக்கை, அப்டேட் வந்துவிட்டது என்று உடனே தட்டிவிடாதீர்கள், விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். வேறு வைக்கிற வழிக்கு, பேரலல்ஸ் வகையறாவுக்கு, இந்தக் கவலை இல்லை.

கடைசியாக, வீட்டில் மூலையில் கிடக்கிற பழைய பெட்டியை எடைக்குப் போடுவதாக இருந்தால், தயவுசெய்து அதற்கு முன்னால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றத் தெரியாவிட்டால் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் ஃபான்ட்ஸ், அந்த ஃபோல்டரை மட்டுமாவது ஒரு பென்டிரைவில் போட்டு, மேலே ஒரு தாளில் எழுதி ஒட்டி, பீரோவில் வையுங்கள். வணக்கம்.