நாயும் கேட்ட இங்கிலீஷ்

நடுவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, பொங்கல் பனியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர்க்காரர்களே, வணக்கம். மற்ற நன்றியெல்லாம் கடைசியில், நேரம் இருந்தால்.

தலைப்பு என்ன? பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெளிநாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போவது குடும்பத்துக்கு வரவா, இழப்பா? நான் வரவு என்ற கட்சி. இதற்காக வீட்டில் குறிப்பெல்லாம் எழுதி எடுத்துவந்தேன். ஆனால் எதிரணித் தலைவர் ஐயா பேசிவிட்டுப் போனதைக் கேட்டபிறகு அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். நான் இரண்டு பிள்ளைகளோடு மாலத்தீவில் ஒரு சின்னத் தீவில் ஆங்கில ஆசிரியையாக இருந்தவள் என்று தெரிந்துகொண்டே என்ன சொன்னார்? "அந்த டீச்சர் பிள்ளை லீவுக்கு நாகர்கோவில் வந்து, தெருநாயைப் பார்த்து, இந்தப் பூனைக்கு ஏன் தொண்டை கட்டியிருக்கு என்று கேட்டதாம். நாய்க்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைக்கு இங்கிலீஷ் ஒரு கேடா?" என்றார். நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். முன்வரிசையில் என் நாத்தனாரே சிரித்ததைப் பார்த்தேன்.

கேட்டது என் மகள்தான். மறைக்கவில்லை. ஆனால் ஐயா பாதிக் கதையோடு இறங்கிவிட்டார். மீதி என்னிடம் இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். மாலத்தீவில் நாய் வளர்க்கச் சட்டத்திலேயே தடை. பூனை மட்டும் சந்துக்குச் சந்து உண்டு, மீன் வெட்டும் இடத்தில் கூட்டமாக நிற்கும். சுமார் 1,200 தீவுகள், ஆள் குடியிருப்பது 200க்கும் குறைவு. அதில் ஒரு தீவில் வளர்ந்த பிள்ளை நாயை எங்கே போய்ப் பார்க்கும்? நாலு காலும் வாலும் இருந்தால் அது பூனைதானே. தப்பு பிள்ளையிடமா இருக்கிறது?

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் மாமியார் தெருவில் ஒரு செவலை நாய் இருந்தது. ஒரு நாய் இல்லை சார் அது, ஒரு நிர்வாகம். கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர் தெருமுனையில் நின்று, "இந்த மாசமும் பழைய கணக்கே போட்டுக்கவா?" என்று சத்தம் போட்டுக் கேட்பார். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கவே மாட்டார், தூக்குவாளியைக் கம்பில் மாட்டி நீட்டுவார். அந்த நாய்க்குப் பயந்து எங்கள் மாமனார் சாயங்கால நடையையே விட்டு, சர்க்கரை ஏறி, மாத்திரை கூடியது. அப்படிப்பட்ட நாய்.

நாங்கள் ஆட்டோவில் வந்து இறங்குகிறோம். நான் டிரைவரிடம் காசு எண்ணிக்கொண்டிருக்கிறேன். மகள் நேராக அதனிடம் போய், குனிந்து, தலையைத் தடவப் போகிறாள். மாமியார் நடையில் நின்று, "எம்மா பிள்ளே, தொடாதே மக்ளே, கடிச்சுப் போடும்!" என்று போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு டிவியை அணைத்துவிட்டார்கள். மாமனார் கம்பைத் தேடுகிறார், கம்பு அவர் கையிலேயே இருக்கிறது. நாய் பல்லைக் காட்டி உறுமுகிறது. அப்போதுதான் அவள் அந்தத் தொண்டைக் கேள்வியைக் கேட்டாள். ஐயா இதோடு நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் என்ன நடந்தது? நாய் எழுந்தது. இவள் இரண்டடி பின்னால் வந்தாள். வந்து, சுட்டுவிரலை நீட்டி, நான் பத்தாம் வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துச் சொல்வேனே, அதே குரல், அதே இழுவை, "சிட்ட்ட் டவுன்!"

நாய் உட்கார்ந்துவிட்டது.

நடுவர் அவர்களே, சத்தியமாகச் சொல்கிறேன், உட்கார்ந்துவிட்டது. ஏன் என்று எனக்குத் தெரியாது. அதனிடம் அதுவரை யாரும் ஒழுங்காகப் பேசியதில்லையோ என்னவோ, எல்லோரும் கல்லைத்தானே எடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து, "டீச்சர் மவ இங்கிலீசுல சொன்னா நாய்கூட கேக்குது பாத்தியா" என்றார். என் மாமியார் இதைச் சொல்லும்போது வேறு மாதிரி இருக்கும். அதில் நாய் கன்றுக்குட்டி அளவு. மாட்டுப்பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னபோது இரண்டு நாய் ஆகிவிட்டது. அந்த லீவு முடிவதற்குள் எங்கள் வாசலில் டியூஷன் கேட்டு ஆள் வந்தார்கள். எதிரணித் தலைவர் ஐயா அவர்களே, அப்படி வந்த பிள்ளைகளில் உங்கள் தங்கை மகனும் இருந்தானா இல்லையா? தலையைக் குனியாதீர்கள், கேமரா உங்களைத்தான் எடுக்கிறது.

மணி அடிக்க வேண்டாம் நடுவர் அவர்களே, இனிமேல்தான் வாதம்.

வாதம் பெரிதாக ஒன்றுமில்லை. மாலத்தீவு நமக்கு எட்டாத சீமை இல்லை. திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் அதன் தலைநகர் மாலேவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். தூத்துக்குடித் தோணியில் காலங்காலமாக வெங்காயமும் காய்கறியும் போனது, அங்கிருந்து மாசிக் கருவாடு வந்தது. வெங்காயம் போகலாம், வாத்தியார் போகக்கூடாதா? அங்கே 1960களிலிருந்தே ஆங்கிலவழிப் படிப்பு, பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் ஓ லெவல், நம்ம பத்தாம் வகுப்புப் பரீட்சை மாதிரி, எழுத வேண்டும், அதற்கு ஆள் தேவை. நம் பக்கத்திலோ பி.எட். முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் வாங்கும் சம்பளம் உங்களுக்கே தெரியும், மேடையில் சொன்னால் எனக்குத்தான் வெட்கம்.

கஷ்டம் இல்லையா? இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம், வெள்ளியும் சனியும் லீவு, பிள்ளைகளுக்குக் கிழமையே குழம்பிப் போயிற்று. அந்த ஊர் பாஷை திவேஹி வலமிருந்து இடம், ஆங்கிலம் இடமிருந்து வலம், இரவில் நான் உட்கார வைத்து எழுதச் சொன்ன தமிழும் இடமிருந்து வலம். சின்னவன் கொஞ்ச நாள் மூன்றையும் நோட்டின் நடுவில் தொடங்கினான். கடல் கொந்தளித்தால் காய்கறிப் படகு வராது. உருளைக்கிழங்கு, வெங்காயம், மறுபடி உருளைக்கிழங்கு. பக்கத்து வீட்டு முற்றத்தில் முருங்கை நின்றது, அதனால் பிழைத்தோம்.

"போகட்டும், பிள்ளைகளை ஆச்சியிடம் விட்டுவிட்டுப் போகலாமே" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். அதற்கும் முன்னோடி உண்டு தம்பி. 1343 வாக்கில் இபின் பதூதா என்ற மொராக்கோ நாட்டு ஊர்சுற்றி அந்தத் தீவுகளுக்குப் போய்க் காஜி வேலை, அதாவது நீதிபதி வேலை பார்த்தார். கல்யாணமும் செய்துகொண்டார். பிறகு இலங்கை, மதுரை என்று சுற்றிவிட்டு மறுபடி போய்த் தன் சின்ன மகனைப் பார்த்து, அவனைத் தாயிடமே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். ஊர் ஊராகப் பார்த்ததையெல்லாம் சொன்னார். அந்தப் பையன் எப்படி வளர்ந்தான் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் மகனை ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தார். வெள்ளிக்கிழமை தோறும் போன் போடுவார். பையன் வருவான், "சாப்பிட்டேன்" என்பான், போய்விடுவான். அவர் மட்டும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை எனக்கு டெங்கு. வீட்டுக்காரர் ஊரில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம். தீவின் சுகாதார நிலையத்தில் கையில் ஊசி குத்திப் படுக்க வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் எங்கே, சாப்பிட்டார்களா, ஒன்றும் தெரியாது. அந்த முருங்கை வீட்டு அம்மா அவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போயிருக்கிறார். எனக்குக் கருதியா கொண்டுவந்தார். சூரை மீனை வெறும் உப்புத் தண்ணீரில் வேகவைத்த தெளிந்த சாறு, சோற்றில் ஊற்றி எலுமிச்சை பிழிந்து, அவரே ஊட்டினார். அவருடைய மகள் மாலேயில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், பத்தாவதுக்கு மேல் அந்தத் தீவில் வகுப்பு இல்லை.

நான் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்த அன்று பார்க்கிறேன், மர நிழலில் கயிறு பின்னிய ஜோலி இருக்கையில் அந்த அம்மா, காலடியில் என் மகள். தலை பின்னுகிறார். பின்னி முடித்தாயிற்று, ரிப்பனும் கட்டியாயிற்று. உடனே அவிழ்த்துவிட்டு, எண்ணெய் தொட்டு, முதலிலிருந்து பின்னுகிறார். என் மகள் அசையவே இல்லை. எட்டு வயதுப் பிள்ளை, அவளுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? மறுபடி அவிழ்த்தார், மறுபடி பின்னினார்.

இதற்கும் இங்கிலீஷுக்கும் என்ன சம்பந்தம் என்று எதிரணி கேட்கும். எனக்குத் தெரியாது. இது வரவுப் பக்கம் எழுதுவதா, செலவுப் பக்கமா என்று நடுவர்தான் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா கண் வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் வந்தவர், இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். மூன்றாவது வரிசையில் முக்காடு போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு, என் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான். நான் பேசியது ஒரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்காது. நீங்கள் சிரித்தபோதெல்லாம் அவரும் சிரித்தார், நான் பார்த்தேன். நாளைக் காலை விமானம். கைதட்ட வேண்டும் என்று நினைத்தால் எனக்கு வேண்டாம், அந்தப் பக்கம் திரும்பித் தட்டுங்கள். வணக்கம்.