உலகத்துலயே ஃபேமஸான அலையோட ஒரிஜினலை வெட்டிப் போட்டது யாரு?

வணக்கம் மக்களே! ஜப்பான்ல 2024 ஜூலைல புது 1000 யென் நோட்டு விட்டாங்க, அதோட பின்பக்கம் ஒரு பெரிய அலை இருக்கும், நகம் மாதிரி நுரை, கீழ மூணு படகு, தூரத்துல குட்டியா ஃபியூஜி மலை. டீ ஷர்ட்ல, போன் கவர்ல, காபி கப்புலன்னு எங்கயாவது கண்டிப்பா பாத்திருப்பீங்க. ஜப்பான் ஓவியர் ஹொகுசாயோட "கனகாவா பெரிய அலை", மரக்கட்டையில செதுக்கி அச்சடிச்ச படம். 2023ல இதோட ஒரே ஒரு பிரிண்ட் நியூயார்க் ஏலத்துல 27 லட்சம் டாலருக்கு மேல போச்சு. அப்போ பிரிண்டே இந்த விலைன்னா, அவரு கையால வரைஞ்ச ஒரிஜினல் எவ்வளவுக்குப் போகும்?

போகவே போகாது. ஏன்னா ஒரிஜினலே கிடையாது. ஒரு ஆள் அதை மரத்துல ஒட்டி, கத்தியால கீறி முடிச்சிட்டாரு. கிறுக்கன் இல்லீங்க, அதுதான் அவரு வேலையே.

ஹிஸ்டரியை வேகமா ஓட்டிடறேன், தூங்கிடாதீங்க. 1831 வாக்குல, எடோ நகரம், அதாவது இன்னைக்கு டோக்கியோ. ஹொகுசாய்க்கு 70 வயசு. பணம் போட்டவர் நிஷிமுராயா யொஹாச்சிங்கற பதிப்பாளர். ஓவியர் வரைவாரு, ஒருத்தர் செதுக்குவாரு, இன்னொருத்தர் அச்சடிப்பாரு, பதிப்பாளர் விப்பாரு. ஒரு பிரிண்ட் விலை கிட்டத்தட்ட ரெண்டு வேளை நூடுல்ஸ் சாப்பிடற காசு, அவ்வளவுதான். ஹிஸ்டரி ஓவர்.

இப்போ நம்ம ஹீரோ, செதுக்கறவரு. ஜப்பான்ல "ஹொரிஷி"ம்பாங்க. ஓவியர் மெல்லிசு பேப்பர்ல கோடு மட்டும் போட்டுக் குடுப்பாரு. இவரு செர்ரி மரப் பலகையில பசை தடவி, அந்தப் பேப்பரைக் குப்புறப் போட்டு ஒட்டுவாரு, குப்புற ஒட்டினாத்தானே அச்சுல நேரா விழும். அப்புறம் விரலாலயே பேப்பரோட முதுகைத் தேய்ச்சுத் தேய்ச்சு உரிப்பாரு, மேல் லேயர் திரிதிரியா வந்துடும், வெங்காயச் சருகு மாதிரி ஒண்ணுதான் மிஞ்சும், அதுல கொஞ்சம் எண்ணெய் தடவினா கோடெல்லாம் பளிச்சுன்னு மேல தெரியும். அதுக்கு அப்புறம்தான் கத்தி. கோட்டை வெட்ட மாட்டாரு, அதை நல்லா கவனிங்க, கோட்டோட ரெண்டு பக்கமும் சாய்வா வெட்டி, கோட்டை மட்டும் வரப்பு மாதிரி நிக்க விட்டுட்டு மிச்ச மரத்தை உளியும் சுத்தியலும் வச்சு எடுத்துடுவாரு. வேலை முடியும்போது ஓவியரோட பேப்பர் மரத்தூளோட போயிடும்.

இதுலயும் சீனியர் ஜூனியர் உண்டு. முகமும் முடியும் தலைமை ஆளுக்கு, துணி டிசைனெல்லாம் கத்துக்குட்டிப் பசங்களுக்கு. இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. பொண்ணுங்க படத்துல நெத்திக்கிட்ட ஒவ்வொரு முடியும் தனித்தனியா தெரியும்ல? அதை ஓவியர் ஒண்ணொண்ணா வரையறதே இல்ல! சும்மா ஏனோதானோன்னு காட்டிட்டு விட்டுடுவாரு, ஒரு மில்லிமீட்டர்ல ரெண்டு மூணு முடி நிக்கற மாதிரி மரத்துல செதுக்கறது முழுக்க இவரு கைவேலை. ஆனா கையெழுத்து யாருது? ஓவியருது மட்டும்தான். எனக்கு இதுல கடுப்புதான்.

ஹொகுசாய்க்கு இந்த வேலை அத்துப்படி, டீனேஜ்ல அவரே செதுக்கற பட்டறையிலதான் இருந்தாரு. அதனால இவருகிட்ட செதுக்கறவங்க பாடு திண்டாட்டம். வயசான காலத்துல பதிப்பாளருக்கு லெட்டர் போட்டிருக்காரு, நான் கீழ் இமை வரையலைன்னா நீயா சேக்காதே, மூக்கை வேற ஓவியருங்க ஸ்டைல்ல செதுக்காதேன்னு, மூக்கு எப்படி இருக்கணும்னு லெட்டர்லயே படம் போட்டுக் காட்டியிருக்காரு. அந்த வேலைக்கு எகாவா தொமெகிச்சிங்கற செதுக்கறவர்தான் வேணும்னு ஆள் பேரும் சொல்லிக் கேட்டாரு. இப்போ யோசிங்க, வாட்ஸ்அப்ல "அந்த ஃபான்ட்டை மாத்துங்க"ன்னு நச்சரிக்கற க்ளையன்ட் ஞாபகம் வரல?

சரி, அடுத்து கலர். சாமி காலண்டர்ல சில சமயம் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு நகந்து கன்னத்துல நிக்கும், பாத்திருப்பீங்க. மெஷின்லயே அந்தக் கதின்னா, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனிக் கட்டை, கையால பேப்பர் வைக்கணும், எப்படி நகராம விழுது? பலகை ஓரத்துல ரெண்டே ரெண்டு குறி. ஒரு மூலையில ட வடிவத்துல ஒரு பள்ளம், அதே ஓரத்துல கொஞ்சம் தள்ளி நேரா ஒரு பள்ளம். இதுக்குப் பேரு "கென்தோ". பேப்பரோட மூலையை முதல் பள்ளத்துல, ஓரத்தை ரெண்டாவதுல ஒக்கார வச்சா முடிஞ்சது. கோடு செதுக்கின முதல் கட்டையில அச்சடிக்கும்போது குறியும் சேந்தே விழும், அந்தப் பேப்பரைத்தான் அடுத்தடுத்த கலர் பலகையில ஒட்டிச் செதுக்கறாங்க, அதனால எல்லாப் பலகையிலயும் குறி ஒரே இடத்துல. எவ்வளவு சிம்பிள் பாருங்க! ஆனா ஒரு வில்லன் உண்டு, ஈரம். பேப்பரை நனைச்சுத்தான் அச்சடிப்பாங்க, நடுவுல காஞ்சா சுருங்கிடும், சுருங்கினா கலர் நகந்துடும், அதனால கடைசி கலர் வரைக்கும் ஒரே ஈரத்துல கட்டிக் காக்கணும்.

அச்சடிக்கறவரு "சுரிஷி". சம்மணம் போட்டு ஒக்காந்து, கட்டையில கலரும் கொஞ்சம் அரிசிப் பசையும் விட்டு பிரஷ்ஷால பரப்புவாரு. குதிரை முடி பிரஷ், முனையை எதுல தேய்ச்சு மெதுவாக்குவாங்க தெரியுமா? காஞ்ச சுறாத் தோல்ல! பேப்பரை வச்சு முதுகுல தேய்க்க "பாரென்"னு ஒரு வட்டத் தட்டு, உள்ள மூங்கில் மட்டையை நாரா கிழிச்சு முறுக்கின கயிறு சுருள் சுருளா இருக்கும், மேல இன்னொரு மூங்கில் மட்டை உறை. பிரஸ்ஸும் கிடையாது மெஷினும் கிடையாது, தோள்பட்டை பலம் மட்டும்தான். வானத்துல அடர்த்தியில இருந்து வெளுப்புக்குக் கலர் கரையுது பாத்தீங்களா, அது கட்டையிலயே கிடையாது, ஒவ்வொரு பேப்பருக்கும் ஈரத்துணியால கலரைத் துடைச்சு விட்டுக் கொண்டு வரணும். 200 ஷீட் ஒரு கணக்கு, 200 தடவையும் அதே துடைப்பு.

பெரிய அலையில இருக்கற அந்த நீலம் பத்தியும் சொல்லணும், பெர்லின்ல சிவப்பு செய்யப் போய் தப்பா வந்த செயற்கைக் கலர் அது, கப்பல்ல ஜப்பான் வந்துச்சு. அதுக்குத் தனி வீடியோவே போடலாம், வேணும்னா கமென்ட்ல சொல்லுங்க.

கடைசியா ஒரு விளையாட்டு. பெரிய அலை படத்தோட இடது மேல் பக்கம் தலைப்பு எழுதின ஒரு பெட்டி இருக்கும், பக்கத்துலயே "ஹொகுசாய்ங்கற பேரை மாத்திக்கிட்ட இஇத்சு"ன்னு கையெழுத்து, மனுஷன் முப்பதுக்கும் மேல பேரு வச்சுக்கிட்டவரு. அந்தப் பெட்டியைச் சுத்தி இருக்கற கோட்டை ஜூம் பண்ணுங்க. ஆயிரக்கணக்குல அச்சடிச்சுக் கட்டை தேய்ஞ்சதால, பின்னாடி எடுத்த பிரிண்ட்ல அந்தக் கோடு உடைஞ்சிருக்கும், முன்னாடி எடுத்ததுல முழுசா இருக்கும். ரெண்டு ம்யூசியம் படத்தை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, எதுல கோடு உடைஞ்சிருக்குன்னு கீழ எழுதுங்க, நான் வந்து பாக்கறேன்.